டிஸ்க் வேகக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

ஒரே சர்வரில் டேட்டாபேஸும் ஓடுகிறது, ராத்திரி பேக்கப்பும் ஓடுகிறது. பேக்கப் ஆரம்பித்ததும் டேட்டாபேஸ் திணறுகிறது. லினக்ஸில் இதற்கு வழி இருக்கிறது. இரண்டையும் தனித்தனி சிகுரூப்பில் (பிராசஸ்களைக் குழுவாக்கி, குழுவுக்கு இவ்வளவு என்று கட்டுப்படுத்தும் கெர்னல் வசதி) போட்டு, பேக்கப் நொடிக்கு இவ்வளவுதான் படிக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். அல்லது போட்டி வரும்போது டேட்டாபேஸுக்கு இரண்டு பங்கு, பேக்கப்புக்கு ஒரு பங்கு என்று எடை போடலாம். எழுதி வைத்துவிட்டுச் சோதித்துப் பார்த்தால் எண்கள் ஒத்துவராது. அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் பார்த்தவரை, பெரும்பாலான நேரம் கட்டுப்பாடு சரியாகத்தான் இருக்கிறது. தவறு சோதனையில் இருக்கிறது. நாம் அளந்த வேலை டிஸ்க்கு வரைக்கும் போகவே இல்லை, அல்லது போனது வேறு குழுவின் கணக்கில் விழுந்தது, அல்லது பங்கு பிரிக்கும் அளவுக்குப் போட்டியே இல்லை. கீழே உள்ள அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் நிறைய பழைய காலத்தவை. 2008-இல் ஜப்பானின் விஏ லினக்ஸ் ஆட்கள் டிவைஸ் மேப்பர் அடுக்கில் டிஎம்-ஐஓபேண்ட் என்று ஒரு டிஸ்க் வேகக் கட்டுப்பாட்டைச் செய்தார்கள். பிறகு கெர்னலுக்குள்ளேயே 2.6.33-இல் எடை வந்தது, 2.6.37-இல் வரம்பு வந்தது. இரண்டும் பிஎல்கேஐஓ என்ற பெயரில், சிகுரூப்பின் முதல் பதிப்பில். இரண்டாம் பதிப்பு 4.5 கெர்னலில், 2016-இல் நிலைபெற்றது. அதில் கோப்புப் பெயர்களும் நடத்தையும் வேறு. இங்கே சொல்வது எல்லாம் இரண்டாம் பதிப்புக்கு. கெர்னல் 5.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது.

சோதனைக்குத் தரவு எதுவும் இல்லாத தனி டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அது எஸ்டிபி, எண் 8:16 என்று வைத்துக்கொள்வோம். எல்எஸ்பிஎல்கே கட்டளை இந்த எண்ணைக் காட்டும். டிஸ்க்குக்குச் சுமை ஏற்றி வேகத்தை அளக்க எஃப்ஐஓ என்ற சோதனை நிரல். குழுக்கள் இரண்டு: டிபி (டேட்டாபேஸுக்கு), பேக்கப். ஒவ்வொரு குழுவும் ஒரு அடைவு. வரம்பை அதற்குள் இருக்கும் ஐஓ.மேக்ஸ் கோப்பில் எழுதுவோம்.

அறிகுறி: குழுவை உருவாக்கினேன், உள்ளே ஐஓ.மேக்ஸ் கோப்பே இல்லை

சிகுரூப் மவுண்ட் ஆகியிருக்கும் அடைவு எந்த வகைக் கோப்பமைப்பு என்று ஸ்டாட் கட்டளையால் பாருங்கள். சிகுரூப்2எஃப்எஸ் என்று வந்தால் சரி. டெம்ப்எஃப்எஸ் என்று வந்தால் உங்கள் சிஸ்டம் இன்னும் பழைய பதிப்பிலோ, இரண்டும் கலந்த அமைப்பிலோ இருக்கிறது. அப்போது டிஸ்க் கண்ட்ரோலர் (குழுக்களின் டிஸ்க் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் கெர்னல் பகுதி) பழைய பக்கம் மாட்டியிருக்கும். பூட் அளவுருவில் சிகுரூப்_நோ_வி1=ஆல் கொடுத்து மறுபடி ஏற்றுங்கள்.

இரண்டாம் பதிப்புதான் என்றால், தாய் அடைவின் சப்ட்ரீ_கண்ட்ரோல் கோப்பில் +ஐஓ எழுதவில்லை என்று அர்த்தம். கண்ட்ரோலரைத் தாய் திறந்துவிட்டால்தான் பிள்ளைக்குக் கோப்புகள் வரும். தாய்க் குழுவிலேயே பிராசஸ்கள் உட்கார்ந்திருந்தால் இந்த எழுத்து "டிவைஸ் பிஸி" என்று திரும்பிவிடும். முதலில் அவற்றைக் கீழே ஒரு குழுவுக்கு நகர்த்துங்கள். ரூட் குழுவுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) ஓடும் கணினியில் கையால் திறந்ததை அது பிறகு மூடிவிடவும் வாய்ப்பு உண்டு. அதனால் சோதனைக் குழுக்களை சிஸ்டம்டி-ரன் வழியாக ஸ்கோப்பாக (சிஸ்டம்டியே நிர்வகிக்கும் குழுவாக) உருவாக்குவது நிம்மதி.

அறிகுறி: வரம்பை எழுதும்போதே பிழை வருகிறது

"அனுமதி இல்லை" என்று வந்தால், சூடோ எக்கோ என்று எழுதிக் கோப்புக்குத் திருப்பியிருப்பீர்கள். சூடோ எக்கோவுக்குத்தான் பொருந்தும். கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். டீ கட்டளைக்குக் குழாய் வழியாக அனுப்புங்கள், அல்லது ரூட் ஷெல்லுக்குள் போய்விடுங்கள்.

"அப்படி ஒரு டிவைஸ் இல்லை" என்றால், பார்ட்டிஷன் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். 8:17 என்பது எஸ்டிபி1. வரம்பு முழு டிஸ்க்குக்குத்தான். 8:16 என்று கொடுங்கள். வரம்பை நீக்க 0 எழுதினாலும் ஏற்காது. அதற்கு மேக்ஸ் என்ற சொல்லை எழுத வேண்டும்.

அறிகுறி: வரம்பு எழுதியாயிற்று, பிழை இல்லை, ஆனால் வேகம் குறையவே இல்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எதையும் மாற்றாமல், முதலில் அந்தக் குழுவின் ஐஓ.ஸ்டாட் கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி இருக்கும்: எத்தனை பைட் படிக்கப்பட்டது, எத்தனை பைட் எழுதப்பட்டது, எத்தனை முறை என்று. சோதனைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்துக் கழியுங்கள். எஃப்ஐஓ சொல்லும் எண் என்பது அந்த நிரல் தன் பக்கத்திலிருந்து கண்ட வேகம். ஐஓ.ஸ்டாட் சொல்வது கெர்னல் அந்தக் குழுவின் பெயரில் எழுதிய கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது.

ஐஓ.ஸ்டாட் நகரவே இல்லை என்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, பிராசஸ் அந்தக் குழுவில் இல்லை. ப்ராக் அடைவில் அந்த பிராசஸ் எண்ணுக்குள் சிகுரூப் என்ற கோப்பு இருக்கும். அது எந்தக் குழு என்று சொல்லும். எஃப்ஐஓவை முதலில் ஓடவிட்டு, பிறகு அதன் எண்ணைக் குழுவின் ப்ராக்ஸ் கோப்பில் போடுகிறவர்கள் இங்கே வழுக்குவார்கள். எஃப்ஐஓ ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பிள்ளை பிராசஸை ஈன்றுவிடும். நீங்கள் நகர்த்தியது தாயை மட்டும். பிள்ளைகள் பழைய குழுவிலேயே இருந்து முழு வேகத்தில் படித்துக்கொண்டிருக்கும். முறை என்னவென்றால், முதலில் ஷெல்லையே குழுவுக்குள் போட்டுவிட்டு, அதிலிருந்து எஃப்ஐஓவை ஓட்டுவது. அப்போது பிறக்கும் எல்லாமே அந்தக் குழுவில்தான் பிறக்கும்.

இரண்டாவது, பிராசஸ் குழுவில்தான் இருக்கிறது, ஆனால் படிப்பது மெமரியிலிருந்து. டிடி (தரவை நகலெடுக்கும் கட்டளை) கொண்டு ஒரு கோப்பை இரண்டாம் முறை படித்தால் அது பேஜ் கேஷிலிருந்து, அதாவது கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் நகலிலிருந்து வரும். டிஸ்க்குக்குப் போகாத வாசிப்பைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்கிலிருந்து படிக்க, எஃப்ஐஓவில் டைரக்ட்=1, டிடியில் ஐஃப்ளாக்=டைரக்ட் கொடுத்துப் பாருங்கள்.

ஐஓ.ஸ்டாட் நகர்கிறது, ஆனால் வேறு எண்ணுள்ள வரியில் நகர்கிறது என்றால், வரம்பு தவறான டிஸ்க்கின் மேல் இருக்கிறது. என்விஎம்ஈ டிஸ்க்குகளின் எண் பூட் ஆகும் வரிசையைப் பொறுத்து மாறலாம். நேற்று 259:0 ஆக இருந்தது இன்று 259:3 ஆகியிருக்கும். ஸ்கிரிப்டில் எண்ணை நேரடியாக எழுதாமல், ஓடும் நேரத்தில் டிஸ்க்கின் நிலையான பெயரிலிருந்து எண்ணை எடுக்கச் செய்யுங்கள்.

அறிகுறி: வாசிப்புக்கு வரம்பு பிடிக்கிறது, எழுதும்போது மட்டும் ஜிகாபைட் கணக்கில் பறக்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எழுத்துக்கு நொடிக்கு 10 எம்ஐபி, அதாவது 10485760 பைட் வரம்பு. டிடி கொண்டு 1 ஜிஐபி சாதாரணக் கோப்பாக எழுதுகிறீர்கள். 16 ஜிபி மெமரி உள்ள கணினி. டிடி ஒரு நொடியோ அதற்கும் குறைவோ எடுத்துக்கொண்டு முடித்துவிடும். "வரம்பு வேலை செய்யவில்லை" என்று தோன்றும்.

டிடியை மறந்துவிட்டு, இன்னொரு திரையில் ஐஓ.ஸ்டாட்டை நொடிக்கு ஒரு முறை பாருங்கள். கொஞ்ச நேரம் எழுத்துக் கணக்கு அசையாது. டிடி எழுதியது எல்லாம் மெமரியில் அழுக்குப் பக்கங்களாக, அதாவது இன்னும் டிஸ்க்குக்குப் போகாத பக்கங்களாகக் கிடக்கிறது. இயல்பு அமைப்பில் ஒரு பக்கம் 30 நொடி பழசானால்தான் ஃப்ளஷர் (அழுக்குப் பக்கங்களை டிஸ்க்கில் எழுதும் கெர்னல் பகுதி) அதைத் தூக்கும். ஏறத்தாழ அரை நிமிடம் கழிந்ததும் எண் ஏறத் தொடங்கும், நொடிக்கு 10 எம்ஐபி வீதம், ஒன்றரை நிமிடத்துக்கும் மேல், 1 ஜிஐபி தீரும்வரை. வரம்பு அப்படியே பிடிக்கிறது. டிடி மட்டும் எப்போதோ கிளம்பிப் போய்விட்டது. டிடிக்கு கான்வ்=எஃப்சிங்க் கொடுத்து ஓட்டினால் அது கடைசிவரை காத்திருந்து, 102 நொடியை ஒட்டி முடியும்.

இப்படி நடக்க சில நிபந்தனைகள் உண்டு. அழுக்குப் பக்கம் எந்தக் குழுவுடையது என்று கெர்னலுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஐஓவுடன் மெமரி கண்ட்ரோலரும் அதே குழுவில் திறந்திருக்க வேண்டும். கோப்பமைப்பும் ஒத்துழைக்க வேண்டும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ் ஆகியவை ஒத்துழைக்கின்றன. ஒத்துழைக்காத கோப்பமைப்பில் இந்த எழுத்தெல்லாம் ரூட் குழுவின் கணக்கில் விழும், வரம்பு தொடவே தொடாது. சிகுரூப்பின் முதல் பதிப்பிலும் நிலைமை அதுதான்.

ஒரு கோப்பு ஒரு நேரத்தில் ஒரே குழுவின் கணக்கில்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு குழுக்கள் ஒரே கோப்பில் எழுதினால் ஒருவர் எழுதியது மற்றவர் தலையில் விழும். சோதனையில் ஆளுக்கு ஒரு கோப்பு கொடுங்கள்.

அறிகுறி: வரம்பு எண் சரியாக இருக்கிறது, இருந்தும் 5 சதவீதம் குறைவாகவே வருகிறது

சிஸ்டம்டியில் 10எம் என்று எழுதினால் அது 10000000 பைட். அங்கே கிலோ என்பது 1000. எஃப்ஐஓ முதலில் காட்டுவது எம்ஐபியில், 1024 கணக்கில். 10000000-ஐ 1048576 ஆல் வகுத்தால் 9.54. அதே வரியில் பக்கத்திலேயே 1000 கணக்கிலும் எஃப்ஐஓ காட்டும், அதைப் பாருங்கள். மற்றபடி தற்காலிகமாகச் சற்றே மீறுவதை ஐஓ.மேக்ஸ் அனுமதிக்கும். அதனால் 5 நொடிச் சோதனையின் எண்ணை நம்ப வேண்டாம். 60 நொடியாவது ஓடட்டும்.

அறிகுறி: வரம்பு பிடிக்கிறது, ஆனாலும் பக்கத்துக் குழு தவிக்கிறது

சுழலும் ஹார்ட் டிஸ்க்கா? அப்படியானால் பைட் கணக்கில் மட்டும் வரம்பு வைத்தது போதாது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் அரைச் சுற்றுக்கு மட்டுமே 4.17 மில்லிநொடி எடுக்கும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்று இங்கொன்றாக 4 கேஐபி படிக்கும் வேலை நொடிக்கு நூறு முறையைச் சுற்றித்தான் நடக்கும். அது அரை எம்ஐபிகூட இல்லை. 10 எம்ஐபி வரம்பை அந்த வேலை எட்டவே எட்டாது. ஆனால் டிஸ்க்கின் நேரம் முழுவதையும் அதுவே தின்றுவிடும். இதற்கு எண்ணிக்கை வரம்பு வையுங்கள்: ஐஓ.மேக்ஸில் ஆர்ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை வாசிப்பு), டபிள்யூஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை எழுத்து). இரண்டு வகை வரம்பையும் சேர்த்தே வைக்கலாம், முதலில் எட்டுவது பிடிக்கும்.

இன்னொரு காரணம் கண்டுபிடிக்கக் கடினமானது. இரண்டு குழுக்களும் ஒரே கோப்பமைப்பில் இருந்தால், ஜர்னலும் (கோப்பமைப்பு தன் மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் பதிவேடு) ஒன்றுதான். வரம்புக்கு உட்பட்ட பேக்கப் பிராசஸ் ஒரு ஜர்னல் பரிவர்த்தனையின் நடுவில், ஒரு மெட்டாடேட்டா பிளாக்கைப் படிக்கப் போய் வரம்பு வரிசையில் காத்துக் கிடக்கலாம். அது வெளியே வரும்வரை அந்தப் பரிவர்த்தனை மூடாது. டேட்டாபேஸின் எஃப்சிங்க் (எழுதியது டிஸ்க்கை அடையும்வரை நிற்கும் அழைப்பு) அதற்காகக் காத்திருக்கும். டேட்டாபேஸுக்கு ஒரு வரம்பும் இல்லை, டிஸ்க்கும் சும்மா இருக்கிறது, இருந்தும் எஃப்சிங்க் நொடிக்கணக்கில் தொங்குகிறது. மிகக் கடுமையான வரம்பு வைத்துவிட்டு இதைப் பார்த்து அசந்துபோனவர்கள் உண்டு. ஐஓ.பிரஷர் கோப்பு (4.20 முதல் உண்டு) குழுவாரியாகக் காத்திருப்பு நேரத்தைக் காட்டும். டிபி குழுவில் அது உயர்ந்தும், அதன் ஐஓ.ஸ்டாட் மந்தமாகவும் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். சோதனையில் உறுதிசெய்ய, இரண்டு குழுக்களுக்கும் தனித்தனிப் பார்ட்டிஷனில் தனிக் கோப்பமைப்பு கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். தொங்கல் மறைந்தால் காரணம் ஜர்னல்தான். உண்மையான பயன்பாட்டுக்கு, கடும் வரம்பைவிட ஐஓ.லேட்டன்சியோ (தாமத இலக்கு வைத்துக் கட்டுப்படுத்துவது) ஐஓ.காஸ்ட்டோ (எடையை வைத்துப் பங்கிடுவது, கீழே வருகிறது) பொருத்தம். அவை மெட்டாடேட்டா வேலையை உடனே விட்டுவிட்டு, அதற்கான தாமதத்தை அந்த பிராசஸ் பிறகு பயனர் பக்கம் திரும்பும்போது வசூலிக்கும்.

அறிகுறி: எடை 200, 100 என்று வைத்தேன், இருவருக்கும் ஒரே வேகம்

வரம்பும் எடையும் அடிப்படையிலேயே வேறு. வரம்பு எப்போதும் பிடிக்கும். எடை போட்டி இருந்தால் மட்டும் பேசும். பந்தியில் சோறு தாராளமாக இருக்கும்போது யாருக்கு முதல் இலை என்ற கேள்வியே எழாதல்லவா, அதுபோல.

முதலில் ஒவ்வொரு குழுவையும் தனியாக ஓட்டி வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சேர்த்து ஓட்டுங்கள். சேர்ந்து ஓடும்போதும் தனியாக ஓடிய வேகமே வந்தால் டிஸ்க் நிரம்பவில்லை. என்விஎம்ஈயில் ஐஓடெப்த்=1 (ஆழம் 1, அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை) வைத்து இரண்டு எஃப்ஐஓ ஓட்டினால் அநேகமாக இதுதான் நடக்கும். ஒவ்வொரு குழுவிலும் நான்கு வேலை, ஒவ்வொன்றுக்கும் ஆழம் 32 என்று ஏற்றுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ஒன்று முந்தி முடிந்தால் மற்றது மிச்ச நேரம் முழுவேகத்தில் ஓடி சராசரியைக் கெடுத்துவிடும். டைம்_பேஸ்ட் கொடுத்து, இருவருக்கும் ஒரே ரன்டைம் வையுங்கள்.

போட்டி இருந்தும் சமமாகவே வருகிறதா? எடையை யார் நிறைவேற்றுகிறார்கள் என்று பாருங்கள். எடை கோப்பில் எண் இருப்பதால் மட்டும் ஒன்றும் நடக்காது. பழைய சிஎஃப்க்யூ ஷெட்யூலர் (டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதி) 5.0 கெர்னலோடு போய்விட்டது. இப்போது இரண்டு வழி. ஒன்று பிஎஃப்க்யூ ஷெட்யூலர், 4.12-இல் வந்தது. டிஸ்க்கின் க்யூ அடைவில் ஷெட்யூலர் கோப்பைப் படித்தால், நடப்பில் இருப்பது சதுர அடைப்புக்குள் தெரியும். என்விஎம்ஈயில் அது பெரும்பாலும் நன் (ஷெட்யூலர் ஏதும் இல்லை) என்றே இருக்கும். அங்கே பிஎஃப்க்யூ என்று எழுதுங்கள். இதற்கான எடைக் கோப்பு ஐஓ.பிஎஃப்க்யூ.வெயிட், 1 முதல் 1000 வரை. எல்விஎம் மேல் ஓட்டுகிறவர்கள், அடியில் இருக்கும் உண்மையான டிஸ்க்கில் ஷெட்யூலரை மாற்ற வேண்டும்.

மற்றொன்று ஐஓ.காஸ்ட், 5.4-இல் டெஜுன் ஹியோ சேர்த்தது. இதற்கான கோப்பு ஐஓ.வெயிட், 1 முதல் 10000 வரை. ஆனால் ரூட் குழுவில் மட்டும் இருக்கும் ஐஓ.காஸ்ட்.கியூஓஎஸ் கோப்பில் அந்த டிஸ்க் எண்ணுக்கு எனேபிள்=1 எழுதாதவரை எடை உயிர்பெறாது. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க எடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு வழிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்து ஓட்டிச் சோதிக்க வேண்டாம்.

அறிகுறி: எடை வேலை செய்கிறது, விகிதம்தான் 2:1 வரவில்லை

பிஎஃப்க்யூ என்றால் லோ_லேட்டன்சி அளவுருவை 0 ஆக்குங்கள். அது 1 ஆக இருக்கும்போது, ஊடாடும் நிரல் என்று தான் கருதுவதற்கு பிஎஃப்க்யூ எடையைத் தற்காலிகமாக உயர்த்தும். டெஸ்க்டாப்பில் அது வரம், அளக்கும்போது இடைஞ்சல்.

ஐஓ.காஸ்ட் என்றால், எதைப் பங்கிடுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அது பைட்டைப் பங்கிடுவதில்லை, டிஸ்க்கின் உழைப்பைப் பங்கிடுகிறது. வரிசையாகப் படிப்பதா, தாறுமாறாகப் படிப்பதா, எவ்வளவு பெரியது என்று பார்த்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை போடும். சம எடை உள்ள இரண்டு குழுக்களில் ஒன்று 1 எம்ஐபியாக வரிசையாகவும் மற்றது 4 கேஐபியாகத் தாறுமாறாகவும் படித்தால், பைட் கணக்கில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வரும். அது சரியான நடத்தை. விகிதத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் இரு பக்கமும் ஒரே மாதிரி வேலையைக் கொடுங்கள். விலைப் பட்டியலும் உங்கள் டிஸ்க்குக்குப் பொருந்த வேண்டும். கெர்னல் மூலத்தின் டூல்ஸ் அடைவில் அதைக் கணக்கிட்டுத் தரும் பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது டிஸ்க்கை நேரடியாக ஓட்டி அளக்கும், ஆகவே காலி டிஸ்க்கில் ஓட்டுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்று. வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிக செக்டர்கள், உள் வட்டத்தில் குறைவு. ஒரு குழுவின் கோப்பு டிஸ்க்கின் தொடக்கத்திலும் மற்றதன் கோப்பு இறுதியிலும் இருந்தால், சம நேரம் கொடுத்தாலும் சம பைட் வராது. கோப்புகளை இடம் மாற்றி ஒரு முறை ஓட்டுங்கள். விகிதமும் திரும்பினால் காரணம் இடம்தான்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு எண்

எஸ்எஸ்டியில் எழுத்துச் சோதனை என்றால், முதல் சில ஜிகாபைட்டுகள் உள்ளே இருக்கும் வேகமான இடையகத்தில் விழும், அது நிரம்பியதும் வேகம் சரியும். டிஸ்க்கை ஒரு முறை முழுக்க எழுதி நிரப்பிவிட்டு அளவிடுங்கள். சூடானாலும் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். கிளவுடில் வாடகைக்கு எடுத்த வட்டு என்றால், வழங்குபவரே மேலே ஒரு வரம்பும், சேர்த்து வைத்துச் செலவழிக்கும் வேகச் சலுகையும் வைத்திருப்பார். அந்தச் சலுகை தீரும் கணத்தில் உங்கள் எண்கள் மாறும். கட்டுப்பாடு மட்டுமே சரியா என்று பார்க்க, டிஸ்க்கே இல்லாத நல்_பிஎல்கே மாட்யூலை ஏற்றி அதன் மேல் வரம்பை வைத்துப் பாருங்கள். அங்கே வரம்பு பிசகாமல் நின்றால், மிச்ச ஆட்டம் எல்லாம் உங்கள் டிஸ்க்குடையது.

அறிகுறி: சோதனை முடிந்தது, குழு அழிய மறுக்கிறது

உள்ளே இருக்கும் கோப்புகளை அழிக்கப் பார்க்காதீர்கள், அவை கெர்னல் காட்டுபவை, அழியாது. ஆர்எம்டிர் மட்டும் கொடுங்கள். "பிஸி" என்று வந்தால் ப்ராக்ஸ் கோப்பைப் படியுங்கள். முன்பு உள்ளே போட்ட ஷெல் இன்னும் அங்கேயே இருக்கும். அதை மூடிவிட்டு மறுபடி கொடுத்தால் போய்விடும்.